ஒரு பிடி அரிசியும் மூடிய கோப்பும்

ஞாயிறு, பிற்பகல் 3.40. சுபாங் விமான நிலையத்தில் நான் வந்து இறங்கினேன். என் கட்டுரை வந்து இறங்கவில்லை.

கட்டுரை என்றால் நாற்பது பிரதிகள். மதுரையில் சைக்ளோஸ்டைல் எடுத்து, அட்டைப் பெட்டியில் அடுக்கி, சணல் கயிற்றால் நானே கட்டியது. சுழலும் பட்டை மூன்று முறை காலியாகச் சுற்றி நின்ற பிறகு, விமான நிறுவனத்துப் பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். "பெட்டியில் என்ன?" என்று ஒரு கட்டம் இருந்தது. 'வரலாறு' என்று எழுதினேன். அவள் அதை அடித்துவிட்டு 'காகிதம்' என்று எழுதிக்கொண்டாள்.

நான் மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பதினெட்டு ஆண்டுகளாக வரலாறு நடத்துகிறவள். 1986ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த மூன்று நாள் கருத்தரங்கு ஒன்றுக்கு என்னை அழைத்திருந்தார்கள். பொருள்: தேசியப் பாதுகாப்புக்கு வரலாறு தரும் பாடங்கள். இந்தத் தலைப்பைப் பார்த்தபோதே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது. பாதுகாப்பு வல்லுநர்கள் வரலாற்றுக்குள் நுழைவது மருந்துக் கடைக்குள் நுழைவது போலத்தான். புட்டியின் மேலுள்ள சீட்டைப் படித்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். உள்ளே என்ன இருந்தது, யார் குடித்தார்கள், குடித்தவர் பிழைத்தாரா என்று கேட்க மாட்டார்கள்.

அவர்களுக்கு மிகவும் பிடித்த புட்டி மலாயாவில் இருக்கிறது. காட்டுக்குள் ஒளிந்து போரிட்ட கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க, பிரிட்டிஷ் ஆட்சி பன்னிரண்டு ஆண்டுகள் 'அவசரகாலம்' நடத்தியது. அதில் புகழ்பெற்ற உத்தி உணவுத் தடை. ரப்பர் தோட்டத் தொழிலாளர்களின் 'லயம்' என்கிற குடியிருப்பு வரிசைகளைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். விடியற்காலையில் ரப்பர் பாலுக்கு மரம் சீவப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதித்தார்கள். ஒரு பிடி அரிசிகூட வெளியே போகக் கூடாது. போனால் அது காட்டுக்காரர்களுக்குத்தான் என்று கணக்கு. அந்த வரிசையில் நின்றவர்களில் ஏராளமானோர் நம் தஞ்சாவூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் போனவர்கள். 'வெற்றி' என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. எதை வைத்து என்று தேடிப் போனால், ஒரு புத்தகம் இன்னொரு புத்தகத்தைக் காட்டும். அது ஒரு மாவட்ட அதிகாரியின் அறிக்கையைக் காட்டும். வரிசையில் நின்றவர்களிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நாற்பது பிரதியிலும் நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்.

விமான நிலையத்திலிருந்து நான் தங்கவிருந்த பிரிக்ஃபீல்ட்ஸுக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம்; டாக்சிக்குப் பதினாறு வெள்ளி (ரிங்கிட்டை அங்குள்ள தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்). ஓட்டுநர் தமிழர். எதற்கு வந்திருக்கிறேன் என்று கேட்டார், சொன்னேன்.

"செக்யூரிட்டியா? அதுக்கு இந்தியாலேர்ந்து ஏன்கா வரணும்?" என்றார். "போன மாசம் என் காடி கண்ணாடிய ஒடைச்சு ரேடியோவத் தூக்கிட்டான் லா. கம்ப்ளெயின் பண்ணப் போனா, ரேடியோ வாங்குன ரசீது எங்கன்னு என்னையக் கேக்குறான். அதையும் கொஞ்சம் மீட்டிங்ல சொல்லுங்க."

திங்கள், காலை 9.15. கருத்தரங்கு செவ்வாய்தான் தொடங்குகிறது என்பதால், திங்கட்கிழமையை ஓர் ஆவண அலுவலகத்துக்கு ஒதுக்கியிருந்தேன். அதன் பெயர் வேண்டாம். எந்த நாட்டிலும் அது இப்படித்தான் இருக்கும். கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அவசரகாலத்தில் நாடு கடத்தப்பட்டவர்களின் பட்டியலைப் பார்க்க வேண்டும் என்று ஆறு மாதத்துக்கு முன்பே எழுதியிருந்தேன். முகப்பில் இருந்த மலாய்ப் பெண் மிகவும் இனிமையானவள். கோப்பைப் பார்க்க, என்னை அழைத்த நிறுவனத்தின் கடிதம் வேண்டும் என்றாள். கொடுத்தேன். பாதுகாப்புப் பிரிவின் அனுமதி வேண்டும் என்றாள். டாக்சி பிடித்து அங்கே போனேன். அங்கே இருந்தவர், கோப்பின் எண் தெரிந்தால்தான் அனுமதி என்றார். திரும்பி வந்து எண்ணைக் கேட்டேன். எண் அட்டவணையில் இருக்கிறது என்றாள் அந்தப் பெண். அட்டவணையைக் காட்டுங்கள் என்றேன்.

"சாரி லா, மேடம். மூடிய கோப்புகளின் அட்டவணையும் மூடியதுதான்."

மணி மூன்றரை ஆகியிருந்தது. மதியம் சாப்பிடவில்லை. என் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். மேசைக்குள்ளிருந்து ஒரு பாக்கெட் பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி ஆங்கிலத்தில் சொன்னாள்: "அதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை, மேடம். வெறும் பெயர்கள்தான்."

வெறும் பெயர்களைப் பார்த்தால் ஒரு நாட்டுக்கு என்ன ஆபத்து வரும் என்று யோசித்தபடியே அந்த பிஸ்கட்டைச் சாப்பிட்டேன்.

செவ்வாய் முதல் வியாழன் வரை. கருத்தரங்கு நடந்த ஹோட்டலில் முதன்மைப் பேச்சாளர்களுக்கு மட்டுமே அறை. மற்றவர்கள் வெளியே தங்கிக்கொள்ள வேண்டும் என்பதை அழைப்பிதழின் நான்காம் பக்கத்தில் போட்டிருந்தார்கள். நான் பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு எதிரே ஒரு கடையின் மாடியில், இரவுக்கு இருபத்திரண்டு வெள்ளிக்கு அறை எடுத்திருந்தேன். காலையில் கீழே வாழை இலையில் இட்லி. பிறகு பஸ். பிறகு எலும்பு வரை குளிரும் ஒரு மண்டபம்.

மண்டபத்தில் திரையும், படம் காட்டும் கருவியும், அம்புக்குறிகளும். அம்பு இங்கிருந்து அங்கே போகும். ஊர் ஒன்று வட்டத்துக்குள் வந்துவிடும். ஒருவர் எழுந்து, மலாயாவில் வென்ற உத்தி இன்னின்ன நாட்டுக்கும் பொருந்தும் என்பார். இன்னொருவர் எழுந்து, பொருந்தும், ஆனால் கொஞ்சம் மாற்ற வேண்டும் என்பார். மூன்றாமவர் இருவரையும் பாராட்டுவார். காபி வரும். இரண்டு நாளில் 'மக்கள்' என்ற சொல்லை நான் பல தடவை கேட்டேன். ஒரு மனிதரின் பெயரைக் கேட்கவில்லை.

என் முறை வியாழக்கிழமை, மதிய உணவுக்கு முன் கடைசி. இருபது நிமிடம் என்று எழுதியிருந்தார்கள். முன்னால் பேசியவர்கள் நீட்டிவிட்டதால் ஏழு நிமிடம் என்றார் தலைவர். பிரதி யார் கையிலும் இல்லை. ஏழு நிமிடத்தில், வியர்க்க வழியில்லாத அந்தக் குளிரில் வியர்த்து, சொல்ல வந்ததைச் சொன்னேன். 'வெற்றி என்று எழுதியவர் யார், அவருக்கு அதைச் சொன்னவர் யார் என்று கேட்பதுதான் எங்கள் தொழில். இதைக் கேட்காத உத்தி வெறும் வதந்தி' என்று முடித்தேன். அந்த வரியை விமானத்திலேயே மனப்பாடம் செய்திருந்தேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. எழுபது வயதை நெருங்கியவர். வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்துப்பட்டை, பையில் இரண்டு பேனா. ஆங்கிலத்தில் பேசினார். தாம் அவசரகாலத்தில் போலீஸ் இலாகாவில் மொழிபெயர்ப்பாளராக இருந்ததாகவும், உணவுத் தடை வேலை செய்ததைத் தம் கண்ணால் பார்த்ததாகவும், 'மதிப்புக்குரிய அம்மையார் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்' என்றும் சொன்னார். சபை சிரித்தது. தலைவர் மணியை அடித்தார். எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

சாப்பாட்டு மேசையில் அவர் என் எதிரே வந்து உட்கார்ந்தார். பெயர் செல்லத்துரை என்று வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், தகப்பனார் காலத்திலேயே ரயில்வே உத்தியோகத்துக்கு வந்தவர்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் என் விடுதியிலிருந்து நான்கு தெரு தள்ளி வீடு.

"கோபப்படாதேங்கோ, மேடம்," என்றார். "நீங்கள் கதைச்சது நல்ல இங்கிலீஷ். ஆனா நான் அங்கை நிண்டனான். நீங்கள் நிக்கேல்லை."

"வரிசையில் நின்றவர்களும் அங்கேதான் நின்றார்கள், சார். நாளைக்குக் கிள்ளானில், அங்கே இருந்த ஒருவரைப் பார்க்கப் போகிறேன்."

"ஆர் அது?"

"வரிசையில் நின்றவர்கூட இல்லை. கேட்டில் பெண்களைச் சோதித்தவர்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். தாமே காரில் கூட்டிப்போவதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. "ஆதாரத்தைச் சரிபார்க்க வேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? நானும் வந்து சரிபார்க்கிறன்" என்றார். அன்று மாலை விமான நிறுவனத்திலிருந்து என் பெட்டி வந்து சேர்ந்தது. கயிறுகூட அவிழவில்லை.

வெள்ளி, காலை 10 மணிக்கு வருவதாகச் சொன்னவர் 11.20க்கு வந்தார். கார் பழைய வெள்ளை டட்சன். இருக்கைகளுக்கு இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. கிள்ளானுக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல். ஃபெடரல் ஹைவேயில் முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணியும் அவர் பேசினார். பெட்டாலிங் ஜெயா வரை போலீஸ் இலாகாவின் ஒழுங்கு. அங்கிருந்து பத்து தீகா வரை வெள்ளைக்கார அதிகாரிகளின் கையெழுத்து அழகு. ஷா ஆலமில், சாரம் கட்டி எழுந்துகொண்டிருந்த பெரிய பள்ளிவாசல் கோபுரத்தைப் பார்த்ததும்தான் பேச்சை ஒரு நிமிடம் நிறுத்தினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, லாரிகளை எண்ணிக்கொண்டு வந்தேன். இவரையும் கருத்தரங்குத் தொகுப்பு நூலில் ஓர் அடிக்குறிப்பாகப் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

நாங்கள் பார்க்கப் போன மாரியாயியின் முகவரி, கிள்ளானிலிருந்து வந்து என்னிடம் படிக்கிற மாணவி கொடுத்தது. அவர்கள் வீட்டுக்குப் பின்வீடு. பெயரை மாற்றியிருக்கிறேன்.

பகல் 12.30. போர்ட் கிள்ளானுக்குப் போகும் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்து. வரிசை வீடு. வாசலில் பச்சைத் தார்ப்பாய் மலைபோலக் குவிந்திருந்தது. மகன் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் தொழில் செய்கிறார். மாரியாயி அக்கா ஒரு கனமான தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து, கிழிந்த ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு வயது. நல்ல உயரம். விரல்களில் தழும்பேறியிருந்தது.

"வாங்க டீச்சர். அந்தப் பொண்ணு லெட்டர் போட்டுச்சு. உக்காருங்க. இவரு யாரு, ஒங்க வூட்டுக்காரரா?"

"இல்லை அக்கா, கருத்தரங்குக்கு வந்தவர்," என்று அவசரமாகச் சொன்னேன். செல்லத்துரை கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

நான் டேப் ரிக்கார்டரை எடுத்தேன். அக்கா மெஷினிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"அது வேணாம் டீச்சர். பேசுறேன், ஆனா அது வேணாம்லா. மவனுக்கு போர்ட்லேர்ந்துதான் வேல வருது. ஏதும் கேசு கீசு ஆச்சுன்னா?"

முப்பத்து நான்கு ஆண்டு பழைய கதைக்கு என்ன கேஸ் என்று கேட்க வாய் வந்தது. மூடிய அட்டவணை ஞாபகம் வந்தது. ரிக்கார்டரைப் பைக்குள் வைத்தேன்.

அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். கல்யாணமாகி இரண்டு வருஷம். கங்காணி வந்து, பொம்பளைகளைத் தடவிப் பார்க்கப் பொம்பளைதான் வேணும், சம்பளம் உண்டு, மரம் சீவப் போக வேண்டாம் என்றார். விடியற்காலை நாலரை மணிக்குக் கேட்டில் நிற்க வேண்டும். பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர். பெண்கள் ஒவ்வொருவராய் வந்து கையைத் தூக்கி நிற்பார்கள். கொண்டை, மடி, பால் வாளி எல்லாம் பார்க்க வேண்டும்.

"மொத நாளு எனக்கே வெக்கமாயிருச்சு. எல்லாம் லயத்துல கூட இருக்குறவங்க. என்னா மாரியாயி, இன்னிக்கி எங்க தடவப் போறன்னு கேலி பேசுவாங்க. பழகிருச்சு."

"ஏதாவது கிடைத்ததா, அக்கா?"

"வெத்தல. ஒரு தடவ சீனி. பசி தாங்காது டீச்சர், மத்தியானம் வரைக்கும் மரம் சீவணும். சாப்பாடு எடுத்துட்டுப் போவக் கூடாது. நான் பாத்தும் பாக்காத மாரி வுட்டுருவேன்." நிறுத்தினார். "அஞ்சலய மட்டும் வுடல."

அஞ்சலை பக்கத்து லயம். வயது இருபது இருக்கும். வயிற்றில் ஆறு மாதம். அன்றைக்கு அவள் மடியில் கையை வைத்ததும் அரிசி நெறுநெறுத்தது. ஒரு பிடி. முடிச்சுக்கூட இல்லை, புடவைக் கொசுவத்துக்குள் செருகியிருந்தாள். அந்தச் சமயம் பார்த்துப் போலீஸ்காரர் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"நான் கைய எடுத்திருக்கலாம். எடுக்கல. அரிசின்னு சொல்லிட்டேன். வாய் தானா சொல்லிருச்சு. வைவாங்க, அனுப்பிருவாங்கன்னுதான் நெனச்சேன். மாசமா இருக்கறவ வேற என்னாத்துக்கு டீச்சர் அரிசி வச்சிருப்பா? மெல்லத்தான். மசக்கையில அரிசி மெல்லாத பொம்பள உண்டா? அதச் சொல்லிச் சொல்லி அழுவுறா. லோரில ஏத்திட்டானுங்க. அப்பறம் கப்பல்ல ஊருக்கு அனுப்பிட்டாங்கன்னு சொன்னாங்க. அவ புருசன் ஒரு மாசத்துல தோட்டத்த வுட்டே போய்ட்டான்."

மெஷினின் சக்கரத்தை வெறுமனே ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அதுலேர்ந்து நான் யாரு வளைகாப்புக்கும் போவுறதில்ல. மருமவளுக்குக்கூட எட்ட நின்னுதான் பாத்தேன். எனக்கு ஒண்ணுதான் தெரியணும். அந்தப் புள்ள பொறந்துச்சா? நீங்க படிச்சவங்க. பேப்பரெல்லாம் பாக்குறவங்க. அதுல இருக்குமா?"

எந்தப் பேப்பரில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை அதைத்தான் கேட்டு ஆறு மணி நேரம் அலைந்தேன். "பார்க்கிறேன் அக்கா" என்று சொன்னேன். என் தொழிலில் இதைவிட வெட்கப்பட்டு நான் எதையும் சொன்னதில்லை.

செல்லத்துரையைத் திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலி. அவர் எப்போதோ எழுந்து போய்க் காருக்குள் உட்கார்ந்திருந்தார்.

பிற்பகல் 2.10. திரும்பும் வழி. முக்கால் மணி நேரமும் பேசி வந்த மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குக் கோபம். வந்த வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போகிற மரியாதையை எந்த இலாகா கற்றுக்கொடுத்தது என்று கேட்டேன். அவர் ஹைவே ஓரத்தில், ஒரு பெட்ரோல் நிலையத்துக்குள் காரைத் திருப்பி நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார்.

"அந்தப் பெட்டை, அஞ்சலையின்ரை வாக்குமூலத்தை நான்தான் மொழிபெயர்த்தனான்," என்றார்.

நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"மசக்கைக்கு அரிசி மெல்லுறது எண்டு அவள் சொன்னவள். விசாரிச்ச வெள்ளைக்காரத் துரை என்னைப் பார்த்துக் கேட்டவன், சமைக்காத அரிசியை மனுசர் தின்னுவினமோ எண்டு. எனக்குத் தெரியாது, மேடம். அப்ப எனக்குக் கலியாணம் ஆகேல்லை. எங்கட வீட்டிலை இப்படிக் கதை ஒருத்தரும் எனக்கு முன்னாலை கதைக்கிறதில்லை. நான் எழுதினது, 'தின்பதற்காக என்று சொல்லிக்கொள்கிறாள்' எண்டு. அவள் 'தின்ன' எண்டுதான் சொன்னவள். 'சொல்லிக்கொள்கிறாள்' எண்டதை நான் போட்டனான். அதைப் படிச்ச துரை, பொய் எண்டு எடுத்துக்கொண்டான். அதோடை முடிஞ்சுது."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூண்டு வருசத்துக்குப் பிறகு என்ரை மனிசி பிள்ளைத்தாய்ச்சி. ஒருநாள் குசினிக்குள்ளை போறன். அரிசி டின்னுக்குள்ளை கையை விட்டு, வாயிலை போட்டு, மெண்டுகொண்டு நிக்கிறா. என்னைக் கண்டு சிரிக்கிறா. நான் திரும்பி வெளியிலை வந்திட்டன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"குழந்தை?" என்றேன்.

"பொம்பிளைப் பிள்ளை. தடுப்பு முகாமிலை பிறந்தது. கப்பல் பட்டியலை டைப் அடிச்சதும் நான்தான். அஞ்சலை, பிறகு 'கைக்குழந்தை, பெண்'. ரெண்டு பேரும் சுகமா ஏறினவை."

முப்பத்து நான்கு ஆண்டுகளாகப் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மனிதரின் தலைக்குள் அந்தப் பட்டியல் இருந்திருக்கிறது. காரைத் திருப்புங்கள் என்றேன்.

"ஏலாது. இரகசியக் காப்புக் கையெழுத்துப் போட்டனான். அது சாகுமட்டும்."

"யாருடைய ரகசியம் சார் இது? எந்த எதிரிக்கு இந்தக் குழந்தையைப் பற்றித் தெரியக் கூடாது?" என் குரல் உயர்ந்துவிட்டது. பெட்ரோல் போடுகிறவர் திரும்பிப் பார்த்தார். "நீங்கள் வர வேண்டாம். நான் பஸ் பிடித்துப் போய் நானே சொல்லிக்கொள்கிறேன்."

கதவைத் திறந்து இறங்கியும்விட்டேன். வெயில் தார் ரோட்டில் கொதித்தது. பஸ் நிறுத்தம் எங்கே என்று தெரியவில்லை. எதிர்ப்பக்கம் போக வழியும் இல்லை; நடுவே இரும்புத் தடுப்பு. அப்படியே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து டட்சன் பின்னால் ஊர்ந்து வந்து நின்றது.

"நீங்கள் சொன்னால் அது கேள்விப்பட்ட கதை," என்றார், என்னைப் பார்க்காமல். "ஏறுங்கோ."

பிற்பகல் 3.30. மாரியாயி அக்கா அதே இடத்தில் தைத்துக்கொண்டிருந்தார். எதையாவது மறந்துவிட்டோமா என்று கேட்டார். செல்லத்துரை உட்காரவில்லை. தார்ப்பாய்க் குவியலுக்கு முன்னால், நீதிமன்றத்தில் நிற்பதுபோல நின்று, தாம் யார் என்று சொன்னார். எழுதியதைச் சொன்னார், அந்த ஒரு சொல்லையும் விடாமல் சொன்னார். பிறகு, "பிள்ளை உயிரோடைதான் பிறந்தது. பொம்பிளைப் பிள்ளை" என்றார்.

அக்கா முதலில் புரியாதவர் போல என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் மெஷினின் மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அப்பவே."

"எங்க இருக்கீங்க நீங்க?"

"பிரிக்ஃபீல்ட்ஸ்."

"தைப்பூசத்துக்கு வருசா வருசம் நான் பிரிக்ஃபீல்ட்ஸ்ல எறங்கித்தான் பத்து மலை முருகன் கோயிலுக்குப் போறேன்," என்றார். குரல் உயரவே இல்லை. "ஒங்க வூட்டுத் தெருவுல நடந்துருப்பேன். நீங்க வாசல்ல நின்னு பாத்துருப்பீங்க."

அவர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார்.

"புள்ளைக்கு என்னா பேரு வச்சாங்க?"

"தெரியாது. கப்பல் படிவத்திலை குழந்தைக்குப் பேர் எழுத இடமில்லை."

"இடமில்லயா." அக்கா எழுந்தார். உயரமானவர் என்றேனே, செல்லத்துரையைவிட உயரமாக இருந்தார். "நானும் தப்பு பண்ணவதான். ஒங்கள வையுறதுக்கு எனக்கு வாயில்ல. ஆனா நீங்க வெளிய இருங்க. டீச்சர் இருக்கட்டும்."

அவர் வெளியே போனார். அக்கா என்னை உள்ளே கூட்டிப்போய், மருமகளைக் கூப்பிட்டு, சோறு போடச் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு தடவை, "பொம்பளப் புள்ள" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். கிளம்பும்போது என் கையைப் பிடித்தார். "பேரைக் கண்டுபுடிங்க டீச்சர். இப்பப் பேப்பர்ல இல்லாட்டியும் ஆளு இருக்குமில்ல?"

காரில் செல்லத்துரை ஒரு மணி நேரமாக ஜன்னலை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் என்னை இறக்கும்போது, இதை எழுதலாம், தம் பெயரை மட்டும் போட வேண்டாம் என்றார். பெயர் போடாவிட்டால் ஆதாரம் என்று யாரும் ஏற்க மாட்டார்களே என்றேன். "தெரியும்" என்றார்.

ஞாயிறு, காலை 8. சுபாங். புறப்படும் முன், கருத்தரங்கு அமைப்பாளர் தொலைபேசியில் பிடித்தார். தொகுப்பு நூலுக்கு என் கட்டுரையைச் சுருக்கித் தர வேண்டுமாம். 'செவிவழிச் செய்திகளை' நீக்கிவிட வேண்டுமாம். சரி என்றோ இல்லை என்றோ சொல்லாமல் வைத்துவிட்டேன்.

மதுரைக்கு வந்ததும் முதல் வேலையாகச் சென்னைக்கு ரயில் ஏறி, நம் பக்கத்து ஆவண அலுவலகம் ஒன்றில் அந்த ஆண்டுகளின் கப்பல் வரவுப் பதிவுகளைக் கேட்டேன். அங்கே பூட்டு இல்லை. கறையான் இருந்தது. அவர்கள் மூடி வைத்துத் தர மறுக்கிறார்கள். நாம் திறந்து வைத்து அழிய விடுகிறோம். எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை. எழுத்தர் ஒருவர் தூள்தூளாய் உதிர்ந்த கட்டு ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இதுல எதைம்மா தேடப் போறீங்க?" என்றார், நான் ஏதோ அவருடைய நேரத்தைத் திருட வந்தவள் போல.

ஆகவே பேப்பரை விட்டுவிட்டு, இதைப் படிக்கிற உங்களிடம் கேட்கிறேன். இந்தக் கட்டுரையில் வரும் மற்றவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அஞ்சலை என்ற பெயரை மாற்றவில்லை. கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து, கைக்குழந்தையோடு, கணவன் இல்லாமல், சுமார் முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் கப்பலில் வந்து இறங்கியவர். சொந்த ஊர் எதுவென்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண் குழந்தைக்கு இப்போது முப்பத்துநான்கு வயதிருக்கும். அவளுக்கே பிள்ளைகள் இருக்கலாம். உங்கள் தெருவில், உங்கள் உறவில், 'மலேயாவில் பிறந்தவள்' என்று யாராவது இருந்தால், அவள் அம்மாவின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். அஞ்சலை என்றால், அந்த மகளின் பெயரை மட்டும் ஒரு கார்டில் எழுதி இந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வேறு விவரம் வேண்டாம்.